பக்கவாசல் அறை

கனடாவில், ஸ்காபரோவின் வோபர்னில் தியாகலிங்கத்தின் வீட்டுக்கு முன்கதவு ஒன்று இருக்கிறது என்பது தபால்காரனுக்கு மட்டும்தான் நிச்சயமாகத் தெரியும். குடிபூர்ந்த அன்று பால் காய்ச்சுவதற்காக எல்லோரும் அந்தக் கதவால் உள்ளே போனார்கள். பிறகு கதவுக்குப் பின்னால் ஒரு சோபா வந்தது, சோபாவின் மேல் மடிக்காத உடுப்புகள் வந்தன, கதவு சுவராகிவிட்டது. அரிசி மூட்டையும் ஆட்டிறைச்சிப் பையும், சீட்டுப் பிடிக்கிற அன்ரிமாரும், கலியாணத்துக்குச் சொல்ல வருகிறவர்களும் பக்கவாசலால்தான் வந்து போனார்கள்.

பக்கவாசலில் ஒரு அறை. வீட்டை விற்றுவிட்டுப் போன இத்தாலிக்காரன், கார் நிறுத்துகிற பாதையை ஒட்டிக் கொன்கிறீற் தரை போட்டு, மூன்று சுவரை எழுப்பி, மேலே ஒரு கூரையையும் போட்டு வைத்திருந்தான். அவன் அதற்குள் தக்காளி காய்ச்சிப் போத்தலில் அடைத்தவனாம். தியாகலிங்கம் குடும்பம் அதற்குள் சப்பாத்துக் கழற்றியது. மார்கழி பிறந்தால் சினோ என்கிற பனியும், அதற்குப் போடுகிற உப்பும் காலோடு வந்து, உருகி, காய்ந்து, தரை முழுவதும் வெள்ளை பூத்துக் கிடக்கும். நனைந்த கம்பளிக் கோட்டுகளின் மணம் அங்கே நிரந்தரமாகக் குடியிருந்தது. அந்த அறையிலிருந்து ஒரு படி ஏறினால் குசினி. இன்னொரு கதவைத் திறந்து செங்குத்தான மரப்படியால் இறங்கினால் பேஸ்மென்ற். அங்கே இருட்டு மூலையில் உடுப்புத் தோய்க்கிற மெசினும் காயவைக்கிற மெசினும் நின்றன.

அந்தப் படிதான் தியாகலிங்கத்தின் மனைவி அருள்நாயகிக்கு வில்லங்கம். அவளுக்கு மிட்லண்ட் ரோட்டுப் பக்கம் ஒரு பெரிய சலவைத் தொழிற்சாலையில் வேலை. ஆசுபத்திரிகளிலிருந்து வண்டி வண்டியாக வருகிற படுக்கை விரிப்புகளைத் தோய்த்து, உலர்த்தி, மடித்து அனுப்புகிற இடம். பகல் முழுவதும் ஊரார் படுத்தெழும்பிய விரிப்புகளை மடித்துவிட்டு வந்து, பின்னேரம் வீட்டு உடுப்பைக் கூடையில் சுமந்துகொண்டு அந்தப் படியில் இறங்குவாள்.

"வேலையிலை வெளிச்சத்திலை நிண்டு தோய்க்கிறன். வீட்டிலை கிடங்குக்குள்ளை இறங்கித் தோய்க்கிறன். உந்த மெசின் ரெண்டையும் மேலை, உந்தப் பக்கத்து அறைக்குள்ளை கொண்டுவந்தால் என்னப்பா? வாற ஊத்தையை அதிலையே கழட்டி, அதிலையே தோய்ச்செடுக்கலாம்."

"பாப்பம்," என்பார் தியாகலிங்கம்.

'பாப்பம்' என்ற ஒரு சொல்லை வைத்தே குடும்பம் நடத்திய மனிதர் அவர். கெட்டவர் இல்லை. பிளாஸ்ரிக் வாளி வார்க்கிற தொழிற்சாலையில் முறை தவறாமல் வேலைக்குப் போய், குடிக்காமல், சண்டை பிடிக்காமல் வாழ்ந்தவர். ஒரு முடிவை எடுக்காமல் கொஞ்சக் காலம் விட்டால் அது தன்பாட்டில் ஆறிவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. குசினிக் குழாய் ஒழுகினாலும் பாப்பம்தான். மகள் நிலாணியின் பல்லுக்குக் கம்பி போடுவதும் பாப்பம்தான். பல்லு என்ன, தன்பாட்டிலா நேராக வந்தது? தாய்தான் கூட்டிக்கொண்டு போய்ப் போடுவித்தாள்.

அந்த அறையின் சீத்துவம் எல்லோருக்கும் வெளிச்சமானது போன மாசி மாதம், தியாகலிங்கத்தின் தமையன் சீனித்தம்பி காலமானபோது. பெண்சாதி பிள்ளை இல்லாத மனிதர். தம்பி வீட்டிலேயே இருந்து தம்பி வீட்டிலேயே கண்ணை மூடினார். இங்கே மயானத்தில் கொள்ளிக்குப் பதில் ஒரு பொத்தான். அதைத் தியாகலிங்கம்தான் அழுத்தினார். எரித்துவிட்டு வந்தவர்கள் தலை முழுகாமல் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. ஊரிலென்றால் கிணற்றடி இருக்கிறது. இங்கே குளிக்கிற அறை மேல்மாடியில். குளிர் காதைக் கடிக்கிற நாளில் குசினியையும் கார்ப்பெற் விரித்த கூடத்தையும் தாண்டித்தான் அதற்குப் போகவேண்டும். தாண்டினால் வீடு முழுக்கத் துடக்கு என்று பெரியவர்கள் பிடிவாதமாக நின்றார்கள். கடைசியில் பழைய தமிழ்ப் பேப்பர்களை விரித்து ஒரு பாதை போட்டு, ஒவ்வொருவராக அதன் மேல் நடத்தி மேலே அனுப்பினார்கள். பேப்பருக்கு வெளியே கால் வைத்த ஒரு மாமாவைத் திரும்பிப் போய் வரிசையின் கடைசியில் நிற்கச் சொன்னார்கள். மற்றவர்கள் எல்லாம் அந்தப் பக்கவாசல் அறைக்குள் நனைந்த கோட்டோடு, ஒருவரின் தோளில் ஒருவர் மூச்சு விட்டுக்கொண்டு நின்றார்கள்.

கொள்ளி வைத்தவர் முதலில் குளிக்கவேண்டும். தியாகலிங்கமோ, "நீங்கள் போங்கோ அண்ணை, நீங்கள் வயது போனனீங்கள்," என்று ஒவ்வொருவருக்கும் இடம் விட்டுக்கொண்டே இருந்தார். அவர் மேலே போனபோது தாங்கியில் சுடுதண்ணீர் முடிந்துவிட்டது. பச்சைத் தண்ணீரில் தலை முழுகினார். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு அன்று, நெஞ்சில் சளி கட்டி, நியூமோனியா என்று ஆசுபத்திரியில் கிடந்தார். அருள்நாயகி லீவு போட்டுப் பக்கத்தில் இருந்து, நிமிர்த்தி வைத்துக் கஞ்சி பருக்கி, அவரை மீட்டெடுத்தாள்.

"உது உந்த அறையாலை வந்த வருத்தம்," என்றாள்.

"பாப்பம்," என்றார் அவர், இருமலுக்கு நடுவிலே.

ஐப்பசியில் அருள்நாயகிக்குச் சாப்பாடு செல்லாமல் போனது. புட்டு ஒரு பிடி வைத்தால் அரைப் பிடியில் எழும்பிவிடுவாள். முதுகு நோகிறது என்றாள். கண்ணில் மஞ்சள் தெரிந்தது. படம் எடுத்தார்கள், ஊசி விட்டுப் பார்த்தார்கள், பிறகு ஒரு நாள் இருவரையும் கூப்பிட்டு இருத்தி வைத்தியர் கதைத்தார். அவர் நல்ல மனிதர். அவசரப்படாமல், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். கணையத்தில் தொடங்கி ஈரலுக்குப் பரவிவிட்டது, வெட்டி எடுக்க முடியாது, நோகாமல் பார்த்துக்கொள்ளலாம், கோடையைக் காண்பது கடினம். சொல்லிவிட்டு, அதை மனைவிக்கு அவளுடைய மொழியில் சொல்லும்படி தியாகலிங்கத்தைப் பார்த்தார்.

தியாகலிங்கம் அருள்நாயகியின் பக்கம் திரும்பினார். அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, நல்ல பிள்ளையாக இருந்தாள்.

"குடலிலை புண்ணாம்," என்றார். "மருந்து தருவினமாம். ஆறக் கொஞ்சம் காலம் எடுக்குமாம்."

வைத்தியர் அவ்வளவு நேரம் கதைத்ததற்கு இது மிகவும் குறைவாகத்தான் இருந்தது. வைத்தியருக்கே அது பட்டிருக்கவேண்டும். எல்லாவற்றையும் சொன்னீரா என்று கேட்டார். தியாகலிங்கம் தலையை ஆட்டினார். அருள்நாயகி, "தாங்க் யூ டொக்ரர்," என்றாள். தியாகலிங்கம் கழிப்பறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுது, முகத்தைக் கழுவி, கழுவியது தெரியாமல் துடைத்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் மக்கோவன் ரோட்டுச் சந்தியில் சிவப்பு விளக்குக்குக் கார் நின்றது. அருள்நாயகி வெளியே பார்த்தபடி கேட்டாள்.

"என்னப்பா, உந்தப் பக்கத்து அறையைத் திருத்துவமோ?"

"ஓம்," என்றார் தியாகலிங்கம். "திருத்துவம். உடனையே திருத்துவம்."

அவள் முகத்தைத் திருப்பி அவரைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் வெளியே பார்த்தாள்.

"சரி," என்றாள்.

அன்று பின்னேரமே டோர்செட் பார்க்கில் இருக்கிற அருள்நாயகியின் தமக்கை தவமணியின் அப்பார்ட்மென்றில் குடும்பம் கூடியது. நோயாளி மட்டும் வீட்டில் படுத்திருந்தாள். தவமணி முதலிலேயே முடிவைச் சொல்லிவிட்டாள்.

"அவளுக்கு ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது. சொன்னால் பயத்திலையே போயிடுவள். குடல் புண் எண்டால் குடல் புண்தான்."

"பெரியம்மா, திஸ் இஸ் ரோங்," என்றாள் நிலாணி. பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு. எதையும் நேராகச் சொல்லுகிற பிள்ளை. "அம்மான்ர உடம்பு. அவவுக்குத் தெரியோணும். அப்பா, யூ டெல் ஹெர். நீங்கள்தான் சொல்லோணும்."

எல்லோரும் தியாகலிங்கத்தைப் பார்த்தார்கள். அவருக்கு வாயில் வந்தது ஒரு சொல்தான்.

"பாப்பம்."

அடுத்த கிழமை சீமோன் வந்தார். பாசையூர்க்காரர், சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரர், கையெல்லாம் சீமெந்துப் புழுதி. ஸ்காபரோவில் பாதித் தமிழ் வீடுகளின் பேஸ்மென்றை அறை அறையாகப் பிரித்துக் கொடுத்தவர். அருள்நாயகி ஒரு கதிரையைப் பக்கவாசல் அறைக்குள் போடுவித்து, தலையணை ஒன்றை முதுகுக்குக் கொடுத்து, போர்வையோடு இருந்தாள். சீமோன் இறைச்சிக்கடைக் கலண்டரின் தாள் ஒன்றைக் கிழித்துப் பின்பக்கத்தில் படம் கீறினார்.

"கனடாக்காரர் உதை மட் ரூம் எண்டுவினம், அக்கா. சேறு சகதியைக் கழட்டிற அறை."

"சேத்துக்கும் ஒரு அறையோ? சனத்துக்கு இடமில்லாமல் கிடக்கு," என்று சிரித்தாள் அருள்நாயகி. சிரித்தபோது கன்னத்து எலும்பு தனியாகத் தெரிந்தது. "சரி, கீறுங்கோ. மெசின் ரெண்டும் வாசலோடை வரவேணும்."

"வாசலோடை வைக்கேலாதக்கா. பைப் வெளிச் சுவருக்குள்ளாலை போனால் குளிருக்கு உறைஞ்சு வெடிச்சிடும். குசினிச் சுவரோடை வைச்சால் சுகம்."

"சுவருக்குள்ளை பஞ்சை வைச்சு மூடுங்கோ. உள்ளுக்கை வாறவர் கதவடியிலையே உடுப்பைக் கழட்டி மெசினுக்குள்ளை போடவேணும். அதோடை ரெண்டடி நடக்கக் கூடாது."

"ரெண்டடிக்கு என்னக்கா?"

"கூடாதெண்டால் கூடாது, சீமோன். நான் உதிலைதானே சீவிக்கிறன். ஊத்தைத் துணி வாற பாதையும் தோய்ச்ச துணி போற பாதையும் முட்டக் கூடாது. எங்கடை வேலைத்தலத்திலை ரெண்டுக்கும் நடுவிலை சுவரே கட்டி வைச்சிருக்கிறாங்கள்."

பிறகு அவள் கொழுவிகளைப் பற்றிக் கதைத்தாள். கனமான கோட்டுகளைத் தாங்கவேண்டும், நிறையவும் வேண்டும் என்றாள். வாங்கு ஒன்று, சுவர் நீளத்துக்கு, வயதானவர்கள் இருந்து சப்பாத்துக் கழற்றக்கூடிய உயரத்தில். வாங்குக்கு அடியில் துவாய் அடுக்கத் தட்டு. தியாகலிங்கம் குசினிப் படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவளுடைய குரலில் பழைய அதிகாரம் இருந்தது. குழாய் எந்தப் பக்கம், வெளிச்சம் எந்தப் பக்கம் என்று அவள் கையை நீட்டிக் காட்டக் காட்ட அவருக்கு நெஞ்சு குளிர்ந்தது. சாகப்போகிறவள் இப்படியா சுவர் அளப்பாள்? ஒரு கணம் அவருக்கே, குடலில் புண்தானோ என்று பட்டது.

ஆனால் சீமோனை வழியனுப்ப அவருடைய வான் வண்டி வரைக்கும் போனபோது புத்தி திரும்பிவிட்டது. தியாகலிங்கம் நோயின் உண்மையைச் சொல்ல, சீமோன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஐயோ அண்ணை. அக்காவுக்குத் தெரியுமே?"

"தெரியாது. தெரியவும் கூடாது. நீர் ஒண்டு செய்யும், சீமோன். உடைக்கிறது கிடைக்கிறது ஒண்டும் வேண்டாம். சும்மா வந்து வந்து அளந்துகொண்டு போம். அவவுக்கு அது ஒரு பராக்கா இருக்கட்டும்."

"ஆக, செய்யிற மாதிரிச் செய்யாமல் இருக்கச் சொல்லுறியள்."

"ஓம். அவ இல்லாத வீட்டிலை எனக்கேன் உந்த அறை?"

சீமோன் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார். அன்றிலிருந்து கிழமைக்கு ஒரு தடவை வந்தார். ஒரு நாள் தரைக்குப் பதிக்கிற ஓட்டுத் துண்டுகளைக் காட்டினார். ஒரு நாள் அலுமாரிக் கதவுக்கு நிறம் காட்டினார். மற்ற நாட்களில் நாடாவை இழுத்து இழுத்து அளந்தார். அருள்நாயகி கதிரையில் இருந்து பார்த்தாள். ஒவ்வொரு கிழமையும் போர்வைக்குள் அவள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டிருந்தாள்.

"சீமோன், உந்த அறை வளருதோ? வாற நேரமெல்லாம் அளக்கிறியள்."

"சரியாச் செய்யோணுமெல்லே அக்கா," என்பார் சீமோன், முகத்தைக் கொடுக்காமல்.

இதற்கிடையில் உடுப்புத் தோய்க்கிற வேலை தியாகலிங்கத்தின் தலையில் விழுந்தது. அவளால் அந்தப் படியில் இறங்க ஏலாது. அவருக்குப் படி இறங்கத் தெரியும், அவ்வளவுதான் தெரியும். அருள்நாயகி பேஸ்மென்ற் வாசலில் கதிரையைப் போட்டு, மேலேயிருந்து உத்தரவு போடுவாள்.

"வெள்ளையைத் தனியப் போட்டனீங்களே?"

"போட்டனான்."

"உங்கடை வேலை உடுப்பு?"

கீழே மெசின் மூடி திறபடுகிற சத்தம் கேட்டது.

"அதுவும் அதுக்குள்ளையோ? ஐயோ என்னப்பா! எண்ணெய் பிடிச்ச துணியெல்லே அது!"

அவளுடைய வெள்ளைச் சேலை ஒன்று நீலமாக வெளியே வந்தது. சூரன்போருக்கு உடுத்தி, விரதம் முறிக்கிற அன்றைக்கும் உடுத்துகிற சேலை. தியாகலிங்கம் அதைக் கையில் ஏந்திக்கொண்டு மேலே வந்து, பள்ளிக்கூடத்தில் பிழை விட்ட பிள்ளை மாதிரி நின்றார். அவள் ஏசுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அந்தச் சேலையை மடியில் போட்டு, ஓரத்தோடு ஓரம் பிடித்து, சுருக்கமில்லாமல் மடித்தாள். மடிப்பு நேராக இருந்தது.

"இனி நீங்கள் பழகோணும்," என்றாள்.

"உமக்குச் சுகம் வந்தவுடனை நீர்தானே தோய்க்கப் போறீர்," என்றார் தியாகலிங்கம், மிகுந்த உற்சாகத்தோடு. அந்த உற்சாகம் அவருக்கே கேட்கச் சகிக்கவில்லை.

வீட்டில் எல்லோரும் அந்தக் காலத்தில் பெரும் கலகலப்பாக இருந்தார்கள். தவமணி டோர்செட் பார்க்கிலிருந்து பஸ்ஸில் எலும்புச் சூப் கொண்டு வருவாள். "முகம் தெளிஞ்சிருக்கடி," என்பாள். பிறகு கழிப்பறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவாள். தண்ணீர் அவ்வளவு நேரம் ஓடுவது வீடு முழுக்கக் கேட்கும். சூப்பை அருள்நாயகி மூன்று கரண்டி குடித்துவிட்டு, நல்ல உறைப்பு என்று சொல்லுவாள். அதில் உறைப்பே போட்டிருக்காது.

மார்கழி நடுவில், சினோ கொட்டி முடிந்த ஒரு சனிக்கிழமைக் காலை, சீமோன் நாடாவோடு வந்தார். அருள்நாயகி அவரை அளக்க விடவில்லை.

"உதை வையுங்கோ. எப்ப தொடங்கிறியள்?"

சீமோன் தியாகலிங்கத்தைப் பார்த்தார். தியாகலிங்கம் குசினிப் படியில் நின்று கண்ணால் ஏதோ சொன்னார்.

"இப்ப நிலம் இறுகிப்போச்சக்கா. ஸ்பிரிங்கிலை செய்வம்."

"வீட்டுக்குள்ளை இருக்கிற நிலம் என்னெண்டு இறுகும், சீமோன்?"

சீமோன் காதிலிருந்த பென்சிலை எடுத்து, திரும்பவும் செருகினார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர்.

"எனக்கு ஸ்பிரிங்கிலை தேவையில்லை," என்றாள் அருள்நாயகி. "ஸ்பிரிங்கிலை எண்டால் வெளியிலை ஹோஸ் பைப்பாலையும் சமாளிக்கலாம். இந்தக் குளிருக்குள்ளைதான் வேணும். இன்னொண்டும் இருக்கு. நிலத்திலை தண்ணி போக ஒரு ஓட்டை வேணும். அந்த மூலையிலை. அதுக்கு மேலை ஒரு ஷவர். சுத்திவர மறைக்க ஒரு கேற்றின்."

"ஷவரோ? மட் ரூமுக்குள்ளையோ?" சீமோன் சிரிக்கப் பார்த்தார். "வெள்ளைக்காரர்தான் நாய் குளிப்பாட்ட உப்பிடி வைக்கிறவை. நாய் வாங்கப் போறியளோ, அக்கா?"

"நாயில்லை. ஆக்கள்."

"மேலை பாத்ரூம் இருக்கே. கொன்கிறீற்றை உடைக்கோணும், பைப் இறக்கோணும், பெரிய வேலை அது. ஆர் உதிலை வந்து குளிக்கப் போகினம்?"

அருள்நாயகி போர்வையைச் சரிசெய்தாள். அவளுடைய குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கடையில் என்ன வாங்கவேண்டும் என்று சொல்லுகிற குரல்.

"நீங்கள் வேதக்காரர். சவம் தாட்டுப்போட்டு வந்து கையைக் கழுவிப்போட்டு ரீ குடிப்பியள். எங்கடை சனம் தலை முழுகாமல் உள்ளுக்கை வராது, சீமோன். போன மாசி இந்த அறைக்குள்ளை நிண்டு பட்ட பாடு காணும். இந்த முறை ஒருத்தரும் பேப்பருக்கு மேலை நடக்க வேண்டாம்."

குசினியில் ரீக்கு வைத்த தண்ணீர் கொதித்துக் கேத்தில் கத்தத் தொடங்கியது. ஒருவரும் போய் நிறுத்தவில்லை. சீமோன் கையிலிருந்த நாடாவைப் பார்த்தார். பிறகு, "லெவல் கட்டையை வானுக்குள்ளை விட்டிட்டன்," என்று சொல்லி, கோட்டும் போடாமல் கதவைத் திறந்து குளிருக்குள் இறங்கிப் போனார்.

தியாகலிங்கம் படியில் அப்படியே இருந்துவிட்டார். கேத்தில் தன்பாட்டில் கத்தி ஓய்ந்தது.

"உமக்கு ஆர் சொன்னது?" என்று கடைசியில் கேட்டார்.

"நீங்கள்தான்."

"நான் ஒண்டும் சொல்லேல்லையே, அருள். நான் குடல் புண் எண்டெல்லே..."

"அண்டைக்குக் காருக்குள்ளை கேட்டன், உந்த அறையைத் திருத்துவமோ எண்டு. கேட்டுப் பாத்தனான். நீங்கள் ஓம் எண்டியள்."

"அதுக்கு?"

"இந்த வீட்டுக்கு வந்த நாள் துவக்கம் கேக்கிறன். ஒரு நாள் ஓம் எண்டு சொன்னனீங்களே?" அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். "வழமை போலை பாப்பம் எண்டு சொல்லியிருந்தால், பிழைச்சிடுவன் எண்டு நம்பியிருப்பன்."

தியாகலிங்கம் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். ஆசுபத்திரியில், காரில், வேலைத்தலத்தில் என்று இவ்வளவு நாளும் ஒளித்து ஒளித்து அழுத அழுகை எல்லாம் அந்தச் சப்பாத்துக் குவியலுக்கு முன்னால் சத்தமாக வெளியே வந்தது. அருள்நாயகி தடுக்கவில்லை. எழும்பிப் போய்த் தொட அவளால் ஏலவுமில்லை. அவர் அழுது ஓயும்வரை, கைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தாள்.

"நிலாணியோடை கதைச்சிட்டன்," என்றாள். "அவள் அழுது முடிச்சிட்டாள். அக்காவும் தண்ணியைத் திறந்துவிட்டு அழுது முடிக்கிறா. நீங்கள்தான் மிச்சம்."

"எனக்கு ஒண்டும் செய்யத் தெரியேல்லை, அருள். என்ன செய்யிறதெண்டு விளங்கேல்லை."

"ஒருத்தருக்கும் ஒண்டும் செய்யேலாது. டொக்ரரே கையை விரிச்சிட்டார், நீங்கள் என்ன செய்வியள்?" அவள் கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "சீமோனை மறிக்காமல் விடுங்கோ. அது காணும்."

"உம்மடை செத்தவீட்டுக்கு நான் அறை கட்டிறதோ? சொல்லும். அதுதானோ நான் செய்யிறது?"

"எங்களுக்குப் பொடியன் இல்லை. நீங்கள்தான் கொள்ளி வைக்கப் போறியள். வைச்சிட்டு வந்து எல்லாரையும் முதலிலை விட்டிட்டு, பிறத்தாலை நிண்டு பச்சைத் தண்ணியிலை குளிப்பியள். எனக்குத் தெரியாதே உங்களை? பிறகு நெஞ்சிலை சளி கட்டும். போன முறை நான் இருந்தனான். இந்த முறை கஞ்சி வைக்க நான் இருக்கமாட்டன். நிலாணிக்குச் சோதினை நேரம்."

தியாகலிங்கம் கண்ணைத் துடைத்தார். தன்னைப் பற்றி இத்தனை வருடமாக அவருக்கே தெரியாததெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் போய்விட்டால் அதைத் தெரிந்தவர்கள் உலகத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்கள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

கதவு திறந்து சீமோன் உள்ளே வந்தார். மூக்கும் காதும் சிவந்திருந்தன. கையில் லெவல் கட்டை இல்லை. அதற்குப் பதிலாக ஒரு பெரிய சுத்தியலும் உளியும் இருந்தன. அவற்றைத் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்து தியாகலிங்கத்தைப் பார்த்தார்.

தியாகலிங்கம் எழும்பினார். சப்பாத்துகளை ஒவ்வொரு சோடியாக எடுத்துக் குசினிப் படியில் வைக்கத் தொடங்கினார். கொழுவியிலிருந்த கோட்டுகளைக் கழற்றிக் கையில் குவித்து உள்ளே கொண்டுபோய் முன்கதவுச் சோபாவில் போட்டுவிட்டு வந்தார். அறை வெறுமையானதும், இத்தாலிக்காரன் காலத்துத் தக்காளிக் கறை ஒன்று அந்த மூலையில் தெரிந்தது.

"அந்த மூலைதானேக்கா?"

"ஓம், அதுதான். தண்ணி கதவுப் பக்கம் ஓடாமல் நிலத்தைச் சரிச்சு விடுங்கோ. சுடுதண்ணிக்குத் தனித் தாங்கி ஒண்டு பூட்டேலுமே?"

"சின்னன் ஒண்டு பூட்டலாம். முதல் குளிக்கிறவருக்குக் காணும்."

"அது காணும். முதல் குளிக்கிறவர் இவர்தான்."

சீமோன் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். "ஷவர் எந்த உயரத்திலை வைக்கட்டும்?"

"இவரை நிக்க வைச்சுக் குறியுங்கோ," என்றாள் அருள்நாயகி.

தியாகலிங்கம் மூலைக்குப் போனார். சுவரில் முதுகு பட நின்றார். சுவர் பனிக்கட்டியாகக் குளிர்ந்தது; சேட்டுக்குள்ளால் அது தோளில் ஏறியது. எதிரே, போர்வைக்குள், கதிரையில், அவள் இருந்தாள். கலியாணத்தன்று போட்டோ எடுத்தவன் நிற்கச் சொன்ன மாதிரி, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவர் நின்றார். தலை தன்பாட்டில் குனிந்தது.

"நேரா நில்லுங்கோ, என்னப்பா. கூனாதேங்கோ."

அவர் நிமிர்ந்தார். சீமோன் அவருடைய தலைக்கு மேலே கையை நீட்டிச் சுவரில் கோடு கிழித்தார்.

"இது காணுமேக்கா?"

அருள்நாயகி கண்ணைச் சுருக்கி அளவு பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் மேலை விடுங்கோ. நிமிர்ந்து நிண்டு குளிக்கட்டும்."